தேடலை ஓட்டுவதா, ஓடி முடிந்த விடையை எடுப்பதா? ஸ்ப்ளங்க் டேஷ்போர்டில் டோக்கனும் சேமித்த தேடலும்

ஸ்ப்ளங்க் (சர்வர்களின் பதிவுகளைச் சேர்த்து வைத்துத் தேடும் மென்பொருள்) டேஷ்போர்டின் மேலே ஒரு டிராப்டவுன். அதில் சர்வரின் பெயரையோ சேவையின் பெயரையோ தேர்ந்தெடுத்ததும் கீழே உள்ள பேனல்கள் மாற வேண்டும். அதற்கான தேடல் ஏற்கெனவே ஒரு ரிப்போர்ட்டாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதையே மறுபடி டேஷ்போர்டுக்குள் எழுதாமல், டோக்கனை வைத்து அந்த ரிப்போர்ட்டை வரவழைக்க முடியுமா? தாராளமாக முடியும். ஒன்றுக்கு நாலு வழி இருக்கிறது என்பதுதான் சிக்கல். நாலும் திரையில் ஒரே மாதிரி தெரியும். உள்ளே நடப்பது வேறு, யாருடைய அனுமதியில் நடக்கிறது என்பதும் வேறு.

இந்தக் கேள்வியோடு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு தேவைகளை ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, தேடல் அதேதான், அதற்குள் போகும் மதிப்பு மட்டும் மாறுகிறது: "பிழை எண்ணிக்கை" ரிப்போர்ட், இப்போது இந்த சர்வருக்கு, அடுத்து அந்த சர்வருக்கு. இன்னொன்று, ரிப்போர்ட்டே மாறுகிறது: "பிழை" என்று தேர்ந்தெடுத்தால் ஒரு ரிப்போர்ட், "தாமதம்" என்றால் வேறொன்று. முதலாவதில் டோக்கன் மதிப்பு இருக்க வேண்டிய இடத்தில் உட்காருகிறது. இரண்டாவதில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில். இதை முதலில் தெளிவாக்கிக்கொண்டால் எந்தக் கட்டளை என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

டோக்கன் என்பது இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவே ஒரு பெயர், $சர்வர்$ என்பது போல. படிவத்தில் தேர்வு மாறியதும், தேடல் கிளம்புவதற்கு முன்பே டேஷ்போர்டு அந்த இடத்தில் மதிப்பை ஒட்டிவிடும். வெறும் எழுத்தைத்தான் ஒட்டுகிறது. அது பெயரா, எண்ணா, கட்டளையா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. மதிப்பு இன்னும் வரவில்லை என்றால், உள்ளீட்டுக்குக் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு பேனல் நிற்கும். தேடல் கிளம்பும் முன்பே ஒட்டும் வேலை முடிந்துவிடுகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பல இடங்களில் அது வரும்.

சேவ்டுசர்ச்: ஒவ்வொரு முறையும் புதிய ஓட்டம்

முதலில் எல்லோர் கையும் போவது சேவ்டுசர்ச் கட்டளைக்குத்தான். பேனலின் தேடலில் ஒரே வரி:

| சேவ்டுசர்ச் "பிழை எண்ணிக்கை" சர்வர்=$தேர்வு$

இங்கே இரண்டு அடுக்கில் மாற்றம் நடக்கிறது. $தேர்வு$ டேஷ்போர்டின் டோக்கன், அது முதலில் நிரம்பும். பிறகு, ரிப்போர்ட்டுக்குள் $சர்வர்$ என்று இடம் விட்டு எழுதியிருந்தால், சர்வர்= என்று கொடுத்த மதிப்பு அங்கே போய் உட்காரும். ஒரே ரிப்போர்ட்டைப் பத்து டேஷ்போர்டுகள் பத்து விதமாகக் கூப்பிடலாம். ரிப்போர்ட்டைத் திருத்தினால் பத்தும் திருந்தும். பார்க்க மிகவும் சுத்தமான வழி.

ஆனால் மேற்கோள் குறி விஷயத்தில் இது படுத்தும். டோக்கனின் மதிப்பில் இடைவெளி இருக்கிறது என்று வையுங்கள், "வெப் 01" மாதிரி. கட்டளை வரியில் அதை மேற்கோளுக்குள் வைத்து அனுப்புகிறீர்கள். டோக்கன் பெயருக்குப் பின்னால் |எஸ் என்ற வடிகட்டி சேர்த்தால் டேஷ்போர்டே மேற்கோள் போட்டுக் கொடுக்கும். இதோடு பிரச்சினை முடிந்தது என்று தோன்றும், முடியவில்லை. அந்த மேற்கோள் கட்டளை வரியைப் படிப்பதற்கு மட்டுமே. ரிப்போர்ட்டுக்குள் போய்ச் சேரும்போது அது கழன்றுவிடும். ரிப்போர்ட்டில் ஹோஸ்ட்=$சர்வர்$ என்று இருந்தால் ஹோஸ்ட்=வெப், கூடவே தனியாக 01 என்ற சொல் என்று தேடல் பிரிந்துவிடும். பிழைச் செய்தியும் வராது, எண்ணிக்கை தப்பாக வரும், அவ்வளவுதான். அதனால் ரிப்போர்ட்டுக்குள்ளேயே ஹோஸ்ட்="$சர்வர்$" என்று மேற்கோளோடு எழுதிவிடுவது நல்லது. டிராப்டவுனில் "எல்லாம்" என்பதற்கு நட்சத்திரக் குறி வைத்திருந்தால் இன்னொரு பொறி காத்திருக்கிறது. சர்ச் கட்டளைக்கு நட்சத்திரம் எதற்கும் பொருந்தும். வேர் கட்டளையில் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் அது நட்சத்திரம் என்ற எழுத்தையே தேடி, ஒன்றும் கிடைக்காமல் காலியாக நிற்கும்.

பலவற்றை ஒரே நேரத்தில் தேர்ந்தெடுக்கும் மல்டிசெலக்ட் என்றால் இன்னும் மோசம். அதன் டோக்கன் பல மதிப்புகளை "அல்லது" போட்டு இணைத்த ஒரு நீளமான வாக்கியம், உள்ளே மேற்கோள்களும் இருக்கும். அதை ஒரு அளவுருவாகச் சேவ்டுசர்ச்சுக்குள் தள்ளுவது மேற்கோளுக்குள் மேற்கோள் என்று போய்க்கொண்டே இருக்கும். செய்து முடிக்கலாம். ஆறு மாதம் கழித்து அதைப் படிக்கும் ஆள் பாவம்.

நேர வரம்பு விஷயத்தில் இந்தக் கட்டளைக்குத் தனி விதி உண்டு. நேரத் தேர்வில் "எல்லா நேரமும்" என்று இருந்தால், ரிப்போர்ட்டோடு சேமித்த நேர வரம்பு எடுபடும். வேறு எதைத் தேர்ந்தெடுத்தாலும் அந்தத் தேர்வு சேமித்ததை மீறிவிடும். டேஷ்போர்டில் நேரத் தேர்வு வேலை செய்ய வேண்டும் என்பவர்களுக்கு இது வசதி. "ரிப்போர்ட்டில் கடைசி 24 மணி நேரம் என்றுதானே வைத்தேன், ஏன் 15 நிமிடம் காட்டுகிறது" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

அனுமதி விஷயமும் கிட்டத்தட்ட இப்படித்தான், எதிர்பார்ப்புக்கு நேர்மாறு. ரிப்போர்ட்டை "உரிமையாளராக ஓட்டு" என்று அமைத்திருந்தாலும் சேவ்டுசர்ச் கட்டளை அதைக் கண்டுகொள்ளாது. டேஷ்போர்டைத் திறந்தவரின் ரோலுக்கு (அனுமதிக் குழுவுக்கு) எந்த இன்டெக்ஸ் (பதிவுகள் இருக்கும் சேமிப்பிடம்) தெரியுமோ அதில் மட்டும்தான் தேடும். உருவாக்கியவருக்கு எல்லாம் தெரியும், மற்றவருக்குப் பாதி பேனல் காலி என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

கடைசியாகச் செலவு. சேவ்டுசர்ச் எப்போதும் புதிய தேடலை ஓட்டும். ஏற்கெனவே ஓடி முடிந்த விடை பக்கத்திலேயே இருந்தாலும் எடுக்காது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டேஷ்போர்டில் 6 பேனல்கள், காலையில் 20 பேர் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 120 தேடல்கள் கிளம்பும். 16 கோர் உள்ள சர்ச் ஹெட்டில் (தேடல்களை நடத்தும் சர்வரில்), இயல்பு அமைப்பின்படி ஒரே நேரத்தில் ஓடக்கூடிய தேடல்கள் கோருக்கு 1 வீதம் 16, அடிப்படையாக 6, மொத்தம் 22. மீதி வரிசையில் நிற்கும். சாதாரண பயனர் ரோலுக்கு இயல்பாக ஒரே நேரத்தில் 3 தேடல்தான் என்பதால் ஒரே ஒருவர் திறந்தாலும் 3 பேனல் ஓடி, 3 பேனல் காத்திருக்கும். டிராப்டவுனை ஒருமுறை மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து. தானாகப் புதுப்பிக்கும் வசதியை 30 நொடிக்கு வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

லோட்ஜாப்: ஓடி முடிந்ததை எடுத்துக் காட்டுவது

லோட்ஜாப் தேடலை ஓட்டாது. ஷெட்யூல் செய்த, அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும்படி வைத்த, ரிப்போர்ட் கடைசியாக ஓடியபோது கிடைத்த விடையை வட்டிலிருந்து எடுத்து வைக்கும். எந்த ரிப்போர்ட் என்பதை மூன்று துண்டாகச் சொல்ல வேண்டும்: உரிமையாளர், ரிப்போர்ட் இருக்கும் ஆப், ரிப்போர்ட்டின் பெயர், நடுவில் முக்காற்புள்ளிகள். இதில் உரிமையாளர் என்பது ரிப்போர்ட்டுக்கு உரியவர், டேஷ்போர்டைப் பார்ப்பவர் இல்லை. இந்த மூன்றில் எந்த இடத்திலும் டோக்கன் வைக்கலாம். ஒட்டும் வேலை முன்பே முடிந்துவிடுவதால் லோட்ஜாப்புக்கு அது டோக்கனாக இருந்ததே தெரியாது.

வேகம் கண்கூடு. கோடிக்கணக்கான வரிகளை அலசிய தேடலின் விடை ஒரு 200 வரி அட்டவணை என்றால், எடுத்துக் காட்டுவது அந்த 200 வரியைத்தான். 20 பேர் திறந்தாலும் கனமான தேடல் ஒருமுறைதான் ஓடியிருக்கும்.

இதன் பலவீனம் விடையின் ஆயுளில் இருக்கிறது. ஷெட்யூல் செய்த தேடலின் விடை, இயல்பாக அதன் இடைவெளியைப் போல இரண்டு மடங்கு நேரம் இருக்கும். மணிக்கு ஒருமுறை ஓடினால் 2 மணி நேரம், 5 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் 10 நிமிடம். மின்னஞ்சல் அனுப்பும்படி அமைத்து, அது போனால், அந்த விடை 24 மணி நேரம் தங்கும். இப்போது ஷெட்யூலர் பக்கம் பாருங்கள். மேலே சொன்ன 22 இடங்களில் இயல்பாகப் பாதி, அதாவது 11 மட்டுமே ஷெட்யூல் தேடல்களுக்கு. எல்லோரும் ரிப்போர்ட்டை மணி அடித்ததும் ஓடும்படி வைத்திருப்பார்கள். அந்த நெரிசலில் சில ஓட்டங்கள் தவறிப்போகும். 5 நிமிட ரிப்போர்ட் தொடர்ந்து இரண்டு மூன்று முறை தவறினால் பழைய விடை காலாவதியாகியிருக்கும், புதியது வந்திருக்காது. லோட்ஜாப் எதையும் காணோம் என்று சிவப்பாகப் பிழை காட்டும். "நேற்று வரை வந்ததே" என்பார்கள். தீர்வு எளிது: அந்த ரிப்போர்ட்டின் ஆயுளைத் தனியாக நீட்டுங்கள், ஓடும் நிமிடத்தை மணியின் தொடக்கத்திலிருந்து நகர்த்துங்கள்.

நேரத் தேர்வு இங்கே வெறும் அலங்காரம். பார்ப்பவர் "கடைசி 7 நாள்" என்று மாற்றுவார், பேனல் அசையாது, ஏனென்றால் விடை எப்போதோ தயாரானது. மோசமான விஷயம் என்னவென்றால், மாறாததை அவர் கவனிக்காமலும் போகலாம். லோட்ஜாப் பேனல்கள் மட்டும் உள்ள டேஷ்போர்டில் நேரத் தேர்வையே எடுத்துவிடுவதுதான் நேர்மை. அதற்குப் பதிலாக, ரிப்போர்ட்டின் கடைசியில் நௌ() வைத்து ஓடிய நேரத்தை ஒரு நெடுவரிசையாகச் சேர்த்து, டேஷ்போர்டின் மூலையில் ஒரு சின்ன பேனலில் முதல் வரியை மட்டும் எடுத்து அந்த நேரத்தைக் காட்டலாம். எத்தனை மணி நிலவரம் என்று தெரிந்தால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

அனுமதி இங்கே வேறு மாதிரி. ஷெட்யூல் ஓட்டம் உரிமையாளரின் அனுமதியில் நடந்தது. ரிப்போர்ட்டைப் படிக்கும் உரிமை உள்ளவருக்கு, மூல இன்டெக்ஸைத் தொட அனுமதி இல்லாவிட்டாலும், தொகுத்த விடை தெரியும். மேலாளர்களுக்கு மொத்த எண்ணிக்கை மட்டும் போதும், மூலப் பதிவுகள் வேண்டாம் என்ற இடத்தில் இது சரியாகப் பொருந்தும். அதே நேரம் ரிப்போர்ட்டில் பயனர் பெயர், ஐபி முகவரி போன்ற நெடுவரிசைகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அவையும் சேர்ந்து வெளியே போகும். "எல்லோருக்கும் படிக்க அனுமதி" என்ற பெட்டியைத் தட்டும் முன் நெடுவரிசைகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அதிகம் பேர் தொடாத வசதி ஒன்றும் இதில் உண்டு. கடைசி ஓட்டத்தை மட்டுமல்ல, அதற்கு முந்தையதையும் ஆஃப்செட் எண் கொடுத்து எடுக்கலாம், ஆயுள் மிச்சம் இருந்தால். இந்த ஓட்டத்தையும் போன ஓட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது கூடியது என்று பார்க்க, புதிதாக எதையும் ஓட்ட வேண்டியதில்லை.

டோக்கனை விடைக்குப் பின்னால் வைப்பது

அப்படியானால் டிராப்டவுன் மதிப்பை லோட்ஜாப்புக்குள் எப்படி அனுப்புவது என்று கேட்கலாம். அனுப்ப முடியாது. விடை முன்பே தயாராகிவிட்டது. அதோடு, $சர்வர்$ என்று இடம் விட்ட ரிப்போர்ட்டை ஷெட்யூல் செய்தால் அந்த இடத்தை நிரப்ப யாரும் இல்லாமல், டாலர் குறிகளோடு அப்படியே தேடி, ஒன்றும் கிடைக்காமல் திரும்பும். இடம் விட்டு எழுதிய ரிப்போர்ட்டும் ஷெட்யூல் செய்யும் ரிப்போர்ட்டும் ஒன்றாக இருக்கவே முடியாது. இதைப் புரிந்துகொள்ளாமல் இரண்டையும் சேர்க்கப் பார்ப்பதில்தான் நிறைய நேரம் போகிறது.

என் கருத்தில் பெரும்பாலான டேஷ்போர்டுகளுக்குச் சரியான வழி இதுதான்: ரிப்போர்ட்டில் எந்த சர்வரையும் குறிப்பிடாமல், எல்லா சர்வர்களுக்கும் சேர்த்து, சர்வர் வாரியாகத் தொகுத்து ஓட்டுங்கள். மணிக்கு ஒருமுறையோ 15 நிமிடத்துக்கு ஒருமுறையோ ஷெட்யூல் செய்யுங்கள். டேஷ்போர்டில் லோட்ஜாப், அதற்கு அடுத்த குழாய்க் குறிக்குப் (|) பிறகு | சர்ச் ஹோஸ்ட்="$தேர்வு$". டோக்கன் தேடலின் உள்ளே போகவில்லை, விடையின் மேல் சல்லடையாக வருகிறது. டிராப்டவுனை மாற்றினால் அந்தச் சின்ன அட்டவணையில்தான் வடிகட்டல் நடக்கிறது, அதனால் உடனே மாறும். மல்டிசெலக்ட் டோக்கனையும் இங்கே அப்படியே ஒட்டலாம். முன்னொட்டு, பின்னொட்டு, நடுவில் "அல்லது" என்று படிவத்தில் அமைத்துவிட்டால் மேற்கோள் தொல்லையே கிடையாது.

எதைத் தொகுத்து வைக்கிறோம் என்பதில் மட்டும் ஏமாறக் கூடாது. சர்வர் வாரியாகச் சராசரித் தாமதத்தைக் கணக்கிட்டு வைத்துவிட்டு, பயனர் மூன்று சர்வர்களைத் தேர்ந்தெடுத்ததும் அந்த மூன்று சராசரிகளுக்கும் சராசரி எடுத்தால் விடை தவறு. ஒரு சர்வரில் 10,000 கோரிக்கைகள், சராசரி 100 மில்லி நொடி; இன்னொன்றில் 100 கோரிக்கைகள், சராசரி 900 மில்லி நொடி. சராசரியின் சராசரி 500 என்று வரும். உண்மையில் மொத்தம் 10,90,000 மில்லி நொடியை 10,100 ஆல் வகுக்க வேண்டும், கிட்டத்தட்ட 108. ஏறத்தாழ ஐந்து மடங்கு வித்தியாசம். அதனால் ரிப்போர்ட்டில் கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் தனித்தனியாக வையுங்கள், வகுத்தலை டேஷ்போர்டில் வடிகட்டலுக்குப் பிறகு செய்யுங்கள்.

தனித்த பயனர்களின் எண்ணிக்கைக்கும் இடைநிலை மதிப்புக்கும் இந்தச் சமாளிப்பு உதவாது. ஒரே பயனர் இரண்டு சர்வரிலும் வந்திருப்பார், கூட்டினால் இருமுறை எண்ணுவோம். 95ஆம் சதமானத்தைக் கூட்டவும் முடியாது, வகுக்கவும் முடியாது. இந்த மாதிரி அளவுகள்தான் டேஷ்போர்டின் மையம் என்றால், ஒவ்வொரு சர்வருக்கும் தனியாகவும் "எல்லாம்" என்பதற்குத் தனியாகவும் முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கலாம், பலவற்றைச் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும் வசதியை மட்டும் தரக் கூடாது. அந்த வசதியும் வேண்டும் என்றால் பேசாமல் சேவ்டுசர்ச் பக்கம் போய்விடுவதுதான்.

மதிப்புகள் எத்தனை என்பதும் முக்கியம். 40 சர்வர், 200 சேவை என்றால் பிரச்சினையே இல்லை. டிராப்டவுனுக்குப் பதில் ஒரு எழுத்துப் பெட்டி, அதில் லட்சக்கணக்கான வாடிக்கையாளர் எண்களில் ஏதோ ஒன்றைத் தட்டச்சு செய்வார்கள் என்றால், எல்லாவற்றையும் முன்கூட்டியே தொகுத்து வைப்பது வீண். யாரும் கேட்காத விடைகளைக் கணக்கிட்டுக்கொண்டிருப்போம். அங்கே கேட்கும்போது ஓட்டுவதுதான் நியாயம்.

ரெஃப்: எளிதானது, பெயர் நிலையான இடத்துக்கு

மூன்றாவது வழி கட்டளையே இல்லை. சிம்பிள் எக்ஸ்எம்எல்லில் (டேஷ்போர்டை எழுதும் குறிமொழி) தேடல் குறிச்சொல்லில் ரெஃப் என்ற பண்பில் ரிப்போர்ட்டின் பெயரை எழுதுவது. "ரிப்போர்ட்டை டேஷ்போர்டில் சேர்" என்று பொத்தானை அழுத்தினால் ஸ்ப்ளங்க் எழுதித் தருவதும் இதையே. ஷெட்யூல் செய்த ரிப்போர்ட் என்றால் கடைசி விடையைக் காட்டும். உரிமையாளர் பெயர், முக்காற்புள்ளி எதுவும் வேண்டாம். டேஷ்போர்டு கட்டும் இன்னொரு கருவியான டேஷ்போர்டு ஸ்டுடியோவிலும் சேமித்த தேடலைத் தரவு மூலமாக வைக்கும் வழி இருக்கிறது.

இதை அடித்தளமாக வைத்து, அதன் மேல் பல பேனல்கள் தங்கள் சொந்த வடிகட்டலை ஓட்டலாம். அந்த மேல்தேடல்களில் டோக்கன் சுதந்திரமாக வரலாம். ஆக, "விடைக்குப் பின்னால் டோக்கன்" என்ற அதே யோசனை, லோட்ஜாப் இல்லாமலேயே. ஒரு எச்சரிக்கை மட்டும்: அடித்தளத் தேடல் ஸ்டேட்ஸ் (தொகுத்துக் கணக்கிடும் கட்டளை) மாதிரி எதையாவது செய்து அட்டவணையாகச் சுருக்கியிருக்க வேண்டும். மூலப் பதிவுகளை அப்படியே விட்டால் முதல் 5,00,000 பதிவுகளோடு நின்றுவிடும், மிச்சம் விட்டுப்போனதை எண்களைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ரெஃப் என்பது நிலையான பெயருக்காக உருவான இடம். பெயரே மாறும் என்றால் அதை இங்கே திணிக்காமல் கட்டளைகளிடம் விடுவதே சரி.

ரிப்போர்ட்டின் பெயரே டோக்கன் என்றால்

இப்போது இரண்டாவது தேவை. டிராப்டவுனில் ரிப்போர்ட்டுகளின் பட்டியல் வேண்டும், தேர்ந்தெடுத்தது கீழே வர வேண்டும். பட்டியலைக் கையால் எழுதலாம். ரிப்போர்ட்டுகள் அடிக்கடி கூடும் இடத்தில் ரெஸ்ட் கட்டளையை வைத்து, சேமித்த தேடல்களின் பட்டியலை ஸ்ப்ளங்க்கிடமே கேட்டு வாங்கலாம். அதிலேயே உரிமையாளர், ஆப், தலைப்பு மூன்றும் வரும். இவால் கட்டளையால் மூன்றையும் முக்காற்புள்ளியோடு ஒட்டி ஒரு நெடுவரிசை செய்து அதை டிராப்டவுனின் மதிப்பாகவும், தலைப்பை மட்டும் கண்ணுக்குத் தெரியும் பெயராகவும் வைத்தால், லோட்ஜாப்புக்கு ஒரே டோக்கன் போதும். உரிமையாளர், ஆப் நெடுவரிசைகளின் பெயரிலேயே முக்காற்புள்ளி இருப்பதால் இவாலில் அவற்றை ஒற்றை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். இரட்டை மேற்கோள் போட்டால் நெடுவரிசையின் மதிப்புக்குப் பதில் பெயரே ஒட்டிக்கொண்டு வரும்.

பட்டியலை வடிகட்டாமல் விடக் கூடாது. ஷெட்யூல் ஆகாத ரிப்போர்ட்டைத் தேர்ந்தெடுத்தால் லோட்ஜாப் பிழைதான் காட்டும். அதனால் ஷெட்யூல் ஆனவை மட்டும், அதிலும் குறிப்பிட்ட முன்னொட்டோடு பெயர் தொடங்குபவை மட்டும் என்று சுருக்குங்கள். "டேஷ்_" என்று தொடங்கும் ரிப்போர்ட் எல்லாம் இந்த டேஷ்போர்டுக்கு என்று குழுவில் பேசி வைத்துக்கொண்டால், புதிய ரிப்போர்ட் எழுதியவர் டேஷ்போர்டைத் தொடாமலேயே அது பட்டியலில் வந்துவிடும்.

இங்கே உண்மையான தலைவலி, ரிப்போர்ட்டுகளின் வடிவம் ஒன்றுபோல் இல்லாதது. ஒன்று நேரம், எண்ணிக்கை என்று இரண்டு நெடுவரிசை தரும், இன்னொன்று ஏழு தரும். கோட்டு வரைபடம் முதலாவதற்கு அழகாக வரும், இரண்டாவதற்கு நூலிழைச் சிக்கலாக வரும். பேனலை வெறும் அட்டவணையாக வைத்தால் எதுவும் உடையாது. வரைபடம் வேண்டும் என்றால் எல்லா ரிப்போர்ட்டுகளும் ஒரே நெடுவரிசைப் பெயர்களைத் தர வேண்டும் என்ற ஒப்பந்தம் தேவை. அந்த ஒப்பந்தத்தை எழுதி வைக்க யாரும் தயாராக இல்லை என்றால், பெயரை மாற்றும் டோக்கன் வழியையே விட்டுவிடலாம். மூன்று நான்கு ரிப்போர்ட்டுகள்தான் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பேனல், அதில் ரெஃப், டிராப்டவுனின் தேர்வுக்கு ஏற்ப ஒன்றை மட்டும் காட்ட டிபெண்ட்ஸ் பண்பு என்று போவது எவ்வளவோ நிம்மதி. ஒவ்வொரு பேனலுக்கும் தனக்கு ஏற்ற வரைபடம் கிடைக்கும். மறைத்து வைத்த பேனலின் தேடல், அதற்கு வேண்டிய டோக்கன்கள் நிரம்பியிருந்தால், மறைவிலும் ஓடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். எல்லாம் ஷெட்யூல் ஆன ரிப்போர்ட்டுகள் என்றால் அதனால் பெரிய பாரம் இல்லை.

பாதுகாப்பு பற்றி இரண்டு வார்த்தை. டிராப்டவுன் பூட்டு இல்லை. டேஷ்போர்டின் முகவரியில் டோக்கனின் மதிப்பு அப்படியே தெரியும், யார் வேண்டுமானாலும் அதை மாற்றி எழுதித் திறக்கலாம். எழுத்துப் பெட்டி என்றால் குழாய்க் குறி போட்டு ஒரு கட்டளையையே ஒட்டிவிடலாம், மதிப்பை ஒட்டும் டேஷ்போர்டுக்கு அர்த்தம் தெரியாது என்று முன்பே பார்த்தோம். |எஸ் வடிகட்டி மேற்கோளைச் சமாளித்து இதை ஓரளவு அடக்கும். யார் எதைப் பார்க்கலாம் என்பதை ரிப்போர்ட்டின் படிக்கும் உரிமையிலும் ரோலின் இன்டெக்ஸ் வரம்பிலும் தீர்மானியுங்கள், பட்டியலில் இல்லை என்பதை நம்பாதீர்கள்.

மற்றவை, சுருக்கமாக

மேக்ரோவும் (பெயர் கொடுத்துச் சேமித்த தேடல் துண்டு) ஒரு வழி. டோக்கன் முன்பே ஒட்டப்படுவதால் மேக்ரோவின் பெயரில்கூட டோக்கன் வைக்கலாம். தேடலின் ஒரு துண்டை மட்டும் பகிர வேண்டும் என்றால் சேவ்டுசர்ச்சைவிட இது இலகு, ஆனால் இதுவும் ஒவ்வொரு முறையும் புதிய ஓட்டமே. மேப் கட்டளையை இதற்காகப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. வரிக்கு ஒரு தேடல் என்று கிளப்பும், இயல்பாக 10 தேடலோடு நிற்கும். டேஷ்போர்டில் அதற்கு வேலை இல்லை. பல மாதங்களின் போக்கைக் காட்ட வேண்டும் என்றால் லோட்ஜாப்பின் குறுகிய ஆயுளை நீட்டிக்கொண்டிருக்காமல், தொகுத்த விடையைச் சம்மரி இன்டெக்ஸில் எழுதி அங்கிருந்து படியுங்கள். அங்கே நேரத் தேர்வும் டோக்கனும் இரண்டும் வேலை செய்யும்.

எதை எடுப்பது

முன்கூட்டியே தெரிந்த, எண்ணி முடிக்கக்கூடிய மதிப்புகள், 15 நிமிடம் பழைய விடை பரவாயில்லை, பார்ப்பவர்கள் பலர் என்றால் லோட்ஜாப், பின்னால் வடிகட்டல். நிர்வாகக் கூட்டத்தில் திரையில் போடும் டேஷ்போர்டு, பெரிய திரையில் நாள் முழுக்க ஓடும் டேஷ்போர்டு எல்லாம் இந்த வகை. ரிப்போர்ட்டின் பெயர் மாறவே மாறாது என்றால் அதே யோசனையை ரெஃப் வைத்துச் செய்யுங்கள், உரிமையாளர் பெயரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

கோளாறு ஒன்றைத் துரத்தும்போது இரண்டு மூன்று பேர் மட்டும் திறக்கும் டேஷ்போர்டு, இந்த நிமிட நிலவரம் வேண்டும், நேர வரம்பை இழுத்துப் பார்க்க வேண்டும், என்ன மதிப்பைக் கேட்பார்கள் என்று தெரியாது என்றால் சேவ்டுசர்ச். அந்த இடத்தில் அதன் செலவு நியாயமான செலவு. ஒரே டேஷ்போர்டில் இரண்டையும் கலப்பதிலும் தப்பில்லை: மேலே லோட்ஜாப்பில் ஒட்டுமொத்த நிலவரம், அதில் ஒரு வரியை அழுத்தியதும் டோக்கன் நிரம்பி, கீழே சேவ்டுசர்ச்சில் அந்த சர்வரின் விவரம். அழுத்தும் வரை கீழ்ப் பேனல் காத்திருக்கும், ஓடாது. நேரத் தேர்வை அப்போது கீழ்ப் பேனலுக்குப் பக்கத்தில் வையுங்கள், மேலே வைத்தால் அது எல்லாவற்றையும் கட்டுப்படுத்துவதாக நினைப்பார்கள்.

லோட்ஜாப் பக்கம் போவதாக முடிவு செய்தால், முதல் நாளே அந்த ரிப்போர்ட்டுகளைத் தனிநபர் கணக்கிலிருந்து ஒரு பொதுச் சேவைக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். உரிமையாளரின் பெயர் பேனலுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. அவர் வேறு குழுவுக்குப் போய், ரிப்போர்ட்டுகள் இன்னொருவர் பெயருக்கு மாற்றப்படும் அன்று எல்லாப் பேனல்களும் ஒன்றாகச் சிவக்கும், கணக்கையே மூடினால் ஷெட்யூலும் நின்றுபோகும்.